கஜபதி: ஆறாம் பாகம்

கஜபதி இறந்த பதினாறாம் நாள் காலை, மூன்றாம் பாகத்துக்கான கஜபதியைச் சினிமாக் கம்பெனி வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆள் இரண்டு அங்குலம் குட்டை. இடது கைப் பழக்கம். மற்றபடி குறை சொல்ல முடியாது என்று மேனேஜர் கோதண்டம் சொன்னார்.

கஜபதியின் மனைவி புனிதவதி அப்போது காரியத்து வடைக்கு உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"யாரு இவரு?"

"சார்தாம்மா."

"அவரு செத்துட்டாரு."

"அது ரெண்டாம் பாகத்துல," என்றார் கோதண்டம். "இது மூணு."

கஜபதி 'நாகமுஷ்டி' படங்களின் கதாநாயகன். சாலிக்கிராமத்தில் வாடகை வீடு. முதல் பாகத்தை ஒரு பழைய செங்கல் சூளையில் இருபத்தெட்டே நாளில் எடுத்தார்கள். நாற்பது எதிரிகள். கஜபதி பாம்பு மாதிரி சீறிக்கொண்டே நாற்பது பேரையும் அடித்தான். சீறலுக்குத் தனியாக ஆள் வைக்கவில்லை. அவனே சீறினான். குடியாத்தத்தில் படம் அறுபது நாள் ஓடியது.

இரண்டாம் பாகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, தண்ணீர்த் தொட்டி ஏணியிலிருந்து விழுந்து இறந்தான். இன்னும் ஒன்பது காட்சிகள் பாக்கி. அவனுடைய சட்டையைக் கொடியில் மாட்டி, காற்றாடி வைத்து, ஒன்பதையும் எடுத்து முடித்தார்கள். ஆம்பூரில் சட்டைக்கு விசில் அடித்தார்கள். கம்பெனிக்கு அதில் ஒரு தைரியம் வந்தது.

புனிதவதி உடலைப் பார்த்திருந்தாள். நெருப்பையும் பார்த்திருந்தாள். அவளுக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் மற்றவர்களுக்குத்தான்.

காரியத்துக்காகச் செய்யாற்றிலிருந்து வந்த உறவுக்காரர்கள் வடபழனியில் பஸ்ஸைவிட்டு இறங்கினார்கள். எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தது. மூன்றாம் பாகம். 'மீண்டும் கஜபதி.' அவர்கள் சாலையைக் கடக்காமலேயே அடுத்த பஸ் ஏறித் திரும்பிவிட்டார்கள். பெரியப்பா டீக்கடையிலிருந்து போன் செய்தார்.

"உசுரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்ணக் கூடாது புனிதா. அவன் ஆயுசுக்கு ஆகாது."

"பெரியப்பா, நீங்கதானே கொள்ளிச்சட்டி பிடிச்சீங்க?"

"பிடிச்சேன்தான். போஸ்டரப் பாத்தப்பறம் எப்படிம்மா?"

காரியம் செய்ய வந்த ஐயரும் தர்ப்பைக் கட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். செத்ததற்குப் பேப்பர் வேண்டும் என்றார். பேப்பர் வந்ததும் சொல்லி அனுப்பும்படியும், எத்தனை வருஷம் ஆனாலும் பாதகமில்லை என்றும் சொன்னார்.

மாவு வீணாகக் கூடாது என்று புனிதவதி வடையைச் சுட்டாள். மூன்றாம் பாகத்துக் கஜபதி பதினொரு வடை தின்றான்.

வீட்டில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கம்பெனி அவனுக்கு மூன்று பக்கம் டைப் அடித்துக் கொடுத்திருந்தது. உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்ற வேண்டும். 'புனிதா' என்று கூப்பிட வேண்டும். 'சாப்ட்டியா?' என்று கேட்க வேண்டும். தினமும் அப்படியே செய்தான். கஜபதி பதினொரு வருஷத்தில் ஒருநாள்கூட அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. இவன் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள் மட்டும் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரரு கொஞ்சம் சுருங்கிட்டாரா?"

"இது வேற பாகம்க்கா."

"அதானே பாத்தேன்," என்று ஜெகதாம்பாள் உள்ளே போய்விட்டாள்.

புனிதவதி பேப்பர் வாங்கப் பிறப்பு இறப்பு ஆபீசுக்குப் போனாள். வாசலிலிருந்து கிளார்க் மேஜைவரை நடை பன்னிரண்டு காலடி இருந்தது. கிளார்க்கின் பெயர் இந்திராணி. மேஜை விசிறி அவளுடைய முகத்துக்கு மட்டும் காற்று வீசியது.

"கஜபதியா? அவரு படம் ஓடிட்டிருக்கே. ஓடுற படத்துல இருக்கறவருக்குச் சாவு எழுதக் கூடாதும்மா."

"எரிச்சத நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. ஊரு பாக்கலியே. ஊரு பாத்தது சட்டைய. சட்ட நல்லா சண்ட போட்டுது. நானே பாத்தேன்."

"அப்ப நான் என்னதாம்மா பண்றது?"

இந்திராணி ஒரு படிவத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் படித்தாள். ஆள் படத்தில் சாக வேண்டும். டிக்கெட் வாங்கிப் பார்த்த மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். இலவசமாகப் பார்த்தவர்கள் செல்லாது.

"மூணாம் பாகத்துல சாவுறாரா?" என்று இந்திராணியே ஆவலாகக் கேட்டாள்.

"தெரியலம்மா. வீட்ல எதுவும் சொல்றதில்ல."

மூன்றாம் பாகத்தில் அவன் சாகவில்லை. படம் சரியில்லை. இடது கையால் அடித்ததை ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். திருத்தணியில் நாற்காலிகளைக் கிழித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனி வேன் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. சாப்பிட்ட தட்டைக்கூட அவன் எடுக்கவில்லை. அன்றைக்கு அவளைச் சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. மூன்று பக்கமும் முடிந்திருந்தது.

பிறகு இருபது நாள் வீட்டில் யாரும் இல்லை. புனிதவதி பேப்பர் கிடைக்கும் என்று காத்திருந்தாள். இருபத்தோராம் நாள் கோதண்டம் வந்தார். தனியாக வந்து, வாசலிலேயே நின்றார்.

"மொகம் வேணாம்னு முடிவு பண்ணிட்டோம்மா. மொகத்துலதான் ஜனங்க குறை கண்டுபிடிக்கறாங்க. முதுகு மட்டும் போதும். நாலு ஜில்லா தேடினோம். ஆம்பூர்ல தோல் ஷாப்புல தோல் உலத்திட்டு இருந்தான் ஒருத்தன். திரும்பி நின்னான். நான் அப்படியே 'சார்'னு கூப்ட்டுட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேனைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

நான்காம் பாகத்துக் கஜபதி பின்பக்கமாக இறங்கினான். பின்பக்கமாகவே நடந்து வந்தான். இரண்டு படியையும் பின்பக்கமாக ஏறினான். செருப்பு வைக்கும் பலகையில் இடித்துக்கொண்டு நின்றான். படம் முடியும்வரை சாலிக்கிராமத்தில் யாருக்கும் முகத்தைக் காட்டக் கூடாது என்று அவனிடம் எழுதி வாங்கியிருந்தார்கள்.

புனிதவதி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். முதுகு சரியாக இருந்தது. வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கழுத்துக்குக் கீழே சட்டை ஒட்டியிருந்த விதம்கூடச் சரியாக இருந்தது.

அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். சுவரைப் பார்த்துப் படுத்தான். அவள் நடையில் பாயைப் போட்டுக்கொண்டாள். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைத்தான். இந்தத் தடவை கம்பெனி ஒரு பக்கம்கூட டைப் அடித்துத் தரவில்லை. காகிதத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. பதினான்கு நாள் சும்மா இருந்தான். பதினைந்தாம் நாள் சுவரிடம், "ஏங்க, மோர் இருக்குமா?" என்றான்.

இருந்தது. கொடுத்தாள்.

அதற்குப் பிறகு புனிதவதி முதுகோடு பேச ஆரம்பித்தாள். கஜபதி உயிரோடு இருந்தபோதும் பெரும்பாலும் முதுகோடுதான் பேசியிருக்கிறாள். அவன் முற்றத்தில் அவளுக்கு முதுகைக் காட்டிப் பயிற்சி செய்துகொண்டிருப்பான். அவன் சட்டென்று திரும்பி அடித்து உடைக்க, அவள் ஓடு பிடித்துக்கொண்டு நிற்பாள். இரண்டு கையாலும் ஓட்டைப் பிடிக்க வேண்டும். கண்ணை மூடக் கூடாது. பதினொரு வருஷத்தில் அவளுடைய இடது கையில் இரண்டு விரல் கோணிப்போயிருந்தது.

ஒரு மத்தியானம் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அந்தச் செவ்வாக்கெழம ஷூட்டிங் இல்லைன்னுதான் படுத்திருந்தாரு. நான்தான் எழுப்பிவிட்டேன். கம்பெனியில கூப்ட்டாங்க, போய்ட்டு வந்திருங்கன்னு. போக மனசில்லாமத்தான் போனாரு."

முதுகு கேட்டுக்கொண்டிருந்தது.

"போகும்போது ஏதாவது சொன்னாரா?" என்றது.

"சொன்னாரு. குக்கர் விசில்ல கேக்கல."

அப்போதுதான் அவளுக்கு முதல்தடவையாக அழுகை வந்தது. கஜபதி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. முதுகு சுவரோரம் எழுந்து நின்றது. பிறகு, "ஏங்க, குடிக்கத் தண்ணி எடுத்தாரட்டுமா?" என்றது. பின்பக்கமாகப் போய், பின்பக்கமாகச் சொம்பைப் பிடித்துக்கொண்டு வந்தது. பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டிப்போனது. மீதியை அவள் குடித்தாள்.

நான்காம் பாகம் சுமாராக ஓடியது. எதிரிகள் நான்கு பேர்தான். அவர்களும் முறைவைத்து வந்தார்கள். முதுகை யாரும் குறை சொல்லவில்லை. ஆகவே ஐந்தாம் பாகத்துக்கும் முதுகையே வைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் பாகத்துக்கு வசதி இன்னும் குறைந்தது. எதிரி ஒரே ஒருவன். அவனும் நியாயம் தெரிந்தவன். பேசினால் கேட்டுக்கொள்வான். பாதிப் படம் பழைய காட்சிகள். சாலிக்கிராமத்திலும் அப்படியே ஆயிற்று. தெருவில் இஸ்திரி போடுகிறவர் தினமும் எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு அதே தும்மலைத் தும்மினார். அதே நாய் திரும்பிப் பார்த்தது. புதிதாக ஒரு நாள் வேண்டுமென்றால் கோடம்பாக்கம் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை கம்பெனி ஆட்கள் வந்து வீட்டின் கூடத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். செட்டுக்குத் தேவைப்பட்டது. சமையற்கட்டிலிருந்து நேரே தெருவில் இறங்க வேண்டியதாயிற்று. இடம் இல்லாமல் முதுகு அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. புனிதவதி குழம்பைக் கிளறும்போது முழங்கை முதுகில் பட்டது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆபீஸ் நடை நீண்டுகொண்டே போனது. ஐந்தாம் பாகம் வந்த சமயம் போனபோது எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனாள். பாதி நடையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்று மணிக்குத்தான் இந்திராணியின் மேஜை கண்ணுக்குத் தெரிந்தது.

"இன்னும் சாவலியே," என்று இந்திராணி வருத்தமாகச் சொன்னாள். "நாலும் பாத்தேன், அஞ்சும் பாத்தேன். முன்ன மாதிரி இல்லம்மா. முதல் பாகத்துல ஒரு இது இருந்துச்சு."

"அப்ப அவருதாம்மா இருந்தாரு."

"ஆமா, அதுதான் போலிருக்கு," என்றாள் இந்திராணி. "அடுத்த பாகம் வந்தா இந்த மேஜைக்கு வந்துசேர ரெண்டு நாளாவது ஆகும். பாத்துக்கங்க."

புனிதவதி மறுநாள் கம்பெனிக்குப் போனாள். கோதண்டம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேஜை, நாற்காலி எல்லாம் ஐந்தாம் பாகத்தில் உடைந்துபோயிருந்தன.

"முடிச்சிடுங்கண்ணே," என்றாள்.

"எனக்கு மட்டும் முடிக்கணும்னு இல்லையாம்மா? முடிக்கத்தான் செலவு. சாவுன்னா மழை வேணும். அழறதுக்கு ஜனம் வேணும். முக்கியமா கொல்றதுக்கு ஒரு ஆள் வேணும். தொடர்றதுதான் சீப்பு."

"எதிரி ஒருத்தரு இருந்தாரே?"

"அவரு கார் ஓட்டக் கத்துக்குடுக்கப் போய்ட்டாரு. இப்ப எல்லாரையும் மன்னிச்சிட்டாராம்."

புனிதவதி ஸ்டூலுக்கு அருகில் போய் நின்றாள்.

"நான் கொல்றேன்," என்றாள்.

கோதண்டம் அவளுடைய கையைப் பார்த்தார். கோணிய விரல்களைப் பார்த்தார்.

"நாகமுஷ்டி அடி தெரியுமா?"

"பதினோரு வருஷம் ஓடு பிடிச்சிருக்கேன். எங்க விழணும்னு தெரியாதா? காதுக்குக் கீழ, ரெண்டு விரல்."

அவர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். கொல்பவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். கொல்லப்படுபவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். 'காரியம்' என்று எழுதினாள்.

வீட்டுக்கு வந்து முதுகிடம் சொன்னாள்.

"ஆறாம் பாகத்துல உங்கள நான் கொல்லணும்."

முதுகு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்ப?"

"வியாழக்கெழம."

"காலைலயா?"

"காலைலதான். சூளைல."

"அப்ப டிபன் வேணாம்."

அவள் அரிசியைக் களைந்தாள். மூன்றாவது தண்ணீரைக் கொட்டும்போது முதுகு கேட்டது.

"மாட்டேன்னு சொன்னா?"

"ஏழாம் பாகம் எடுப்பாங்க. அதுக்கு நெழல் மட்டும் போதும்னு பேசிக்கறாங்க."

முதுகு யோசித்தது. "தோல் ஷாப்புல இருந்தப்ப முழு ஆளா இருந்தேன்," என்றது. "நெழலாப் போறதுக்கு இது பரவால்ல." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது. "ஏங்க, ஒரே ஒரு விஷயம். சாவுறப்பவாவது மொகத்தக் காட்ட விடுவாங்களா? ரெண்டு படம் நடிச்சிட்டேன். ஊர்ல சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. கேட்டுப் பாக்கறீங்களா?"

"கேக்கறேன்," என்றாள் புனிதவதி.

வியாழக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. மழைக்கு வசதியில்லை. படத்தைப் பிரிண்ட் போட்டுத் தியேட்டருக்கு அனுப்பவும் வசதியில்லை. அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று பேரைக் கூட்டி வந்து, சூளை ஓரத்தில் பெஞ்சு போட்டு உட்காரவைத்து, டிக்கெட் கிழித்தார்கள். ஒருவர் வேர்க்கடலை வாங்கி வந்திருந்தார். முதுகு சூளை நடுவில் நின்றது. வெள்ளைச் சட்டை. இஸ்திரி போட்டிருந்தது.

புனிதவதி கோதண்டத்திடம் போய்க் கேட்டாள்.

"மொகமா?" என்றார் கோதண்டம். "காட்டலாம்மா. எனக்கென்ன. ஆனா மொகத்தப் பாத்தா இது கஜபதி இல்லன்னு அந்த மூணு பேருக்கும் தெரிஞ்சிடும். கையெழுத்துப் போட மாட்டாங்க. அப்பறம் உங்களுக்குப் பேப்பர் கெடையாது. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

புனிதவதி ஒரு டீ குடிக்கும் நேரம் யோசித்தாள். டீயும் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நடந்து போய் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"கேட்டீங்களா?" என்றது முதுகு.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"காட்டலாம்னு சொன்னாங்க. விழுந்தப்பறம் நான் திருப்பி விடுறேன்."

"அப்ப சரிங்க," என்றது முதுகு. தோள் இரண்டும் தளர்ந்து கொஞ்சம் இறங்கின. "சீவிட்டுதான் வந்திருக்கேன்."

காமிரா ஓடியது. புனிதவதி சீறவில்லை. அவளுக்குச் சீற வராது. இரண்டு விரலை மடக்கி, காதுக்குக் கீழே, கஜபதி ஓட்டில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்தாள். ஓடு உடையும் சத்தம்தான் கேட்டது. அவன் முழங்கால் மடங்கி முகம் குப்புற விழுந்தான். செங்கல் தூள் எழும்பி மெல்ல அடங்கியது.

அவள் பக்கத்திலேயே நின்றாள். குனிந்தால் கை எட்டும் தூரம்தான். தோளைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். வேர்க்கடலைக்காரர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். புனிதவதி கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

"கட்," என்றார் கோதண்டம்.

அவன் எழுந்திருக்கவில்லை. யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை. வேனில் முகம் குப்புறவே ஏற்றினார்கள். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

"என்னதான் சொல்லு," என்றார் வேர்க்கடலைக்காரர், பேனாவை மூடிக்கொண்டே, "முதல் பாகம் மாதிரி வரல."

மறுநாள் ஆபீஸ் நடை ஏழு காலடிதான் இருந்தது. இந்திராணி எழுந்து நின்று பேப்பரைக் கொடுத்தாள். பெயர், கஜபதி. நாள், வியாழன். இறப்புக்குக் காரணம், ஆறாம் பாகம்.

"அவரு செத்தது செவ்வாக்கெழமம்மா," என்றாள் புனிதவதி.

"அது முன்ன," என்றாள் இந்திராணி. விசிறியை அவள் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைத்தாள்.

காரியம் நடந்தது. செய்யாற்றுக்காரர்கள் வந்தார்கள். கூடம் இல்லாததால் தெருவில் இலை போட்டார்கள். ஐயர் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மந்திரத்தை ஆரம்பித்தார். உடலை அன்றைக்கே எரித்துவிட்டார்கள் என்று கோதண்டம் சொன்னார். எந்த உடல் என்று புனிதவதி கேட்கவில்லை. பெரியப்பா அழுதார். ஒன்றரை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த அழுகை என்று அவரே சொன்னார். வடை நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். புனிதவதிக்கு அழுகை வரவில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். சுவர் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். தெருவிலிருந்து நேரே சமையற்கட்டுக்குள் வந்துவிட்டதால் பதறி, திரும்பி இறங்கி, வெளியே நின்றுகொண்டு கேட்டாள்.

"அக்கா, தயாளன் இங்கதான் இருந்தாருங்களா?"

அந்தப் பெயரைப் புனிதவதி கேட்டதில்லை.

"எந்தத் தயாளன்?"

"ஆம்பூருங்க. தோல் ஷாப்பு. சினிமாவுக்குன்னு கூட்டினு வந்தாங்க. நான் அவரு சம்சாரம், எஸ்தர்."

புனிதவதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முதுகா?" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க. எங்க வீட்டுல மொகத்தோடதான் இருந்தாரு."

புனிதவதி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். உட்கார ஒரே ஓர் இடம்தான் இருந்தது. எஸ்தர் அடுப்பங்கரைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றிக் கொடுத்ததும் மறுக்காமல் வாங்கிச் சாப்பிட்டாள். ராத்திரி சாப்பிடவில்லை போலிருந்தது.

"ஆபீசுக்குப் போயிருந்தேங்க்கா. தயாளன்னு யாரும் சாவலன்னு சொல்றாங்க. அந்த நடை ஒரே நீளம். செருப்பு அறுந்துபோச்சு."

"மேஜையில ஒரு அம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க. உங்க வீட்டுக்காரரு எந்தப் படத்துலயும் இல்லியேம்மான்னாங்க." எஸ்தர் சோற்றைப் பிசைந்தாள். "கம்பெனிக்காரரு அவருக்குப் பதிலா ஒருத்தர அனுப்புறேன்னு சொல்றாரு. நான் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேணும்னு சொல்லியிருக்கணுங்களாக்கா? உங்களுக்குப் பழக்கம் இருக்கும்னுதான் கேக்கறேன்."

புனிதவதி மோர்ச் சொம்பை எடுத்தாள். மோர் ஊற்றினாள். தெருவில் இஸ்திரிக்காரர் தும்மினார். இது வேறு தும்மல்.

"நீங்கதான் அவர அடிச்சீங்கன்னு சொன்னாங்க," என்றாள் எஸ்தர். குரலில் கோபம் இல்லை. பஸ் விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"ஆமா."

"வலிச்சிருக்குங்களா?"

"இல்ல. ஒரே டேக்."

எஸ்தர் தலையை ஆட்டினாள். கடைசி வாய்ச் சோற்றைத் தட்டிலேயே வைத்திருந்தாள்.

"மொகம் எப்படிங்க இருந்துச்சு? கடைசியில?"

புனிதவதிக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, வெயிலில் கிடந்த முகம். அதை அவள் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. எந்த முதுகுக்கும்கூட. இப்போது சொன்னாள். கண் பாதி மூடியிருந்தது என்றாள். நெற்றியில் ஒரு கோடு, கணக்குப் போடுகிற மாதிரி. வாய் எதையோ சொல்ல வந்து, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட மாதிரி இருந்தது. மீசை ஓரத்தில் கொஞ்சம் மண்.

எஸ்தர் நிமிர்ந்தாள்.

"மீசையா? அவருக்கு மீச கெடையாதுங்களே."

அடுப்பில் பால் ஏறி வந்தது. புனிதவதி தீயைக் குறைத்தாள்.

"இந்தப் பாகத்துல வெச்சாங்க," என்றாள்.

எஸ்தர் அதை யோசித்துப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சுங்களா?"

"நல்லா இருந்துச்சு."

"வைக்கச் சொல்லிச் சொல்லி எத்தினி வருசம் கேட்டிருப்பேன்," என்று எஸ்தர் எச்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

புனிதவதி பக்கத்தில் உட்கார்ந்தாள். மீசையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னாள்.